ரயில் நடத்துவது கணக்கு எழுதுவதா?

கணினியில் ரயில் கம்பெனி நடத்தும் விளையாட்டுகளை ஒப்பிட்டுப் பேசுகிறவர்களிடையே ஓர் அபிப்பிராயம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எந்த விளையாட்டில் மூலதனம், பங்குச்சந்தை, சரக்கு விலையின் ஏற்றத்தாழ்வு, போட்டிக் கம்பெனிகளின் சூழ்ச்சி ஆகியவை நுட்பமாக அமைந்திருக்கின்றனவோ, அதுவே வயது வந்தோர் ஆடத்தக்க நிர்வாக விளையாட்டு என்றும், ஏனையவை பொம்மை ரயிலைச் சுற்றவிட்டுக் கைகொட்டும் பாலலீலை என்றும் அவர்கள் தீர்ப்பளித்துவிடுகிறார்கள். இந்தப் பிரமாணத்தைக் கொண்டு ரெயில்ரோடு டைகூன் வரிசையையும், அதே மரபில் 2018-இல் வந்த ரெயில்வே எம்பயரையும் மேலிடத்தில் அமர்த்தி, கிறிஸ் சாயர் 1994-இல் ஆக்கிய டிரான்ஸ்போர்ட் டைகூனையும், அதிலிருந்து 2004-இல் கிளைத்து, ஆர்வலர் பலரின் உழைப்பால் இன்றளவும் இலவசமாக வளர்ந்துவரும் ஓபன் டி.டி.டி.யையும் கீழே தள்ளிவிடுவது அவர்கள் வழக்கம். இந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் கட்சி. நெய்வேலி நகரியத்தில் இருந்துகொண்டு இக்கட்சியை வாதிப்பது சற்றுக் கடினமான காரியம் என்பதையும் அறிவேன். எதிர்க்கட்சிக்காரர்களின் மிகச் சிறந்த சாட்சி இவ்வூரிலேயே இருக்கிறது.

டிரான்ஸ்போர்ட் டைகூனில் புதிதாகக் கம்பெனி தொடங்கும் எவரும் முதலில் செய்வது, ஒரு நிலக்கரிச் சுரங்கத்தையும் அதற்கு வெகு தொலைவிலுள்ள ஓர் அனல் மின்நிலையத்தையும் தேடிப்பிடித்து இரண்டையும் தண்டவாளத்தால் இணைப்பதுதான். ஏற்றிய சரக்கின் அளவு, இரு ஸ்டேஷன்களுக்கும் இடைப்பட்ட தூரம், வழியில் கழிந்த நாட்கள் ஆகிய மூன்றைக் கொண்டு கூலி கணக்கிடப்படுவதால், சுரங்கத்தின் வாசலிலேயே மின்நிலையம் இருந்தால் அதை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கரி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுக்குப் பணம். நெய்வேலியிலோ நிலைமை நேர்மாறானது. இங்குள்ள பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். எரித்தால் கிலோவுக்குச் சுமார் 2,500 கிலோ கலோரி வெப்பமே கிடைக்கும். தண்ணீருக்குக் கூலி கொடுத்து வண்டியேற்ற எந்த அறிவுள்ள வியாபாரியும் முன்வர மாட்டான் ஆகையால், 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவானது தொட்டே மின்நிலையம் சுரங்கத்தை அடுத்து எழுவது என்றே திட்டமிடப்பட்டது. சோவியத் ஒத்துழைப்போடு எழுந்த முதல் அனல் நிலையத்தின் முதல் யூனிட் 1962-இல் ஓடத் தொடங்கியது. பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் வெட்டிப் போடும் கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறி, மேல்மண் வேறொரு பெல்ட்டில் ஏறி, ஒன்று கரியைச் சேமிக்கும் பங்கருக்கும் மற்றொன்று மண்ணைக் கொட்டிப் பரப்பும் ஸ்பிரெட்டருக்கும் இரவும் பகலுமாய்ப் போய்க்கொண்டிருக்க, இவ்வூர்க் கரியின் பெரும்பகுதி ரயிலின் முகத்தையே பாராமல் சாம்பலாகிவிடுகிறது. வெளியூர் போவது கம்பி வழியே போகும் மின்சாரந்தான். வெளியூர்ச் சமையலறைகளுக்கு இவ்வூர்க் கரி போன காலம் ஒன்று உண்டு; அப்போதும் அதன் ஈரத்தை வாங்கி, லெகோ என்ற கட்டியாக்கித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

ஆகவே, தூரத்துக்குக் கூலி என்ற விதியின்மேல் கட்டிய விளையாட்டைப் பார்த்து நெய்வேலிக்காரர் சிரிப்பதில் நியாயம் உண்டு. அந்த விளையாட்டின் மின்நிலையம் எவ்வளவு கரி கொட்டினாலும் வேண்டாமென்னாது விழுங்கிவிட்டு, ஒரு விளக்கைக்கூட ஏற்றாமல் சும்மா இருக்கிறது என்பதையும் அவர்களுக்காக நானே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.   

இந்தச் சாட்சியம் முழுவதையும் ஒப்புக்கொண்ட பிறகும் வழக்கு அவர்கள் பக்கம் சாயவில்லை. முதலாவது, நெய்வேலிக்குப் பொய்யானது மேட்டூருக்கு மெய். ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி ரயிலேறிப் பாரதீப் துறைமுகம் சேர்ந்து, அங்கே கப்பலேறி எண்ணூரில் இறங்கி, மறுபடி ரயிலேறி மேட்டூர் அனல் நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறது. அந்த வழித்தடத்தை ஒருவர் விளையாட்டிலே போட்டுக்காட்டினால், கூலிக்கு ஆசைப்பட்டுத் தூரத்தை வேண்டுமென்றே வளர்த்திருக்கிறார் என்றுதான் நம் நண்பர்கள் குற்றம் சாட்டுவார்கள்! இரண்டாவது, இன்னும் முக்கியமானது: அவர்கள் யதார்த்தம் என்று போற்றும் கணக்கேடு யாருடைய யதார்த்தம்?

ரெயில்ரோடு டைகூனின் ஏடு பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் ஏடு. பங்கு வெளியிட்டு, பத்திரம் விற்று, போட்டியாளனின் பங்கைச் சந்தையில் கமுக்கமாக வாங்கிக் குவித்து, ஒருநாள் அவன் கம்பெனியையே விழுங்கிவிடும் செல்வச் சீமான்களின் காலம் அது. அந்தக் காலத்துக்கு அந்த ஏடு மெத்தப் பொருத்தம், மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டில் ரயில்பாதை அப்படியா வந்தது? 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விட்ட மெட்ராஸ் ரயில்வே முதலான கம்பெனிகளுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி நிச்சயம் என்று சர்க்கார் உத்தரவாதம் தந்தது. குறை விழுந்தால் இந்த நாட்டு வரிப்பணம் அதை நிரப்பியது. நஷ்டமே வர முடியாத கம்பெனியை வைத்துப் பங்குச்சந்தை விளையாட்டு எழுதினால், ஆடுவதற்கு அதில் என்ன இருக்கும்? சுதந்திரத்துக்குப் பின்னரோ, எஃகு போன்ற சரக்குகளுக்குத் தூரம் எவ்வளவாயினும் விலை ஒன்றே ஆகும்படி கூலியைச் சமன் செய்யும் கொள்கை 1950களிலிருந்து 1990களின் முற்பகுதி வரை நடைமுறையில் இருந்தது. தூரத்தைக் கணக்கிலிருந்தே அழித்துவிட்ட அந்தக் கொள்கையின் முன்னால், சாயரின் விதி பொய்யாவதுபோலவே, இடத்துக்கு இடம் விலை வேறுபாட்டை மூலாதாரமாகக் கொண்ட ரெயில்ரோடு டைகூன் மூன்றாம் பாகத்தின் விதியும் பொய்யாகிறது. பயணிகளின் கட்டணக் குறையைச் சரக்குக் கூலியால் ஈடுகட்டும் இன்றைய இந்திய ரயில்வேயின் ஏட்டை எந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை.

கணக்கேடு தேசத்துக்குத் தேசம், காலத்துக்குக் காலம் மாறும் வஸ்து. மாறாத ஒன்று ரயிலிலே உண்டு: ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒன்று விலகி நின்றாக வேண்டும். கான்ஸாஸில் ஆனாலும் குறிஞ்சிப்பாடியில் ஆனாலும் இதற்கு விலக்கில்லை. ரயிலில் போனவர் யாராயினும் நிர்வாகம் என்பதை அனுபவத்தில் கண்ட இடம் இதுதான். வண்டி அவுட்டரில் நிற்கிறது. ஏன் என்று கேட்டால் கிராசிங் என்கிறார்கள். அடுத்த ஸ்டேஷன் வரை பாதை காலி என்ற அனுமதியான லைன் கிளியர் கிடைக்கவில்லை என்கிறார்கள். எந்த வண்டி எங்கே எவ்வளவு நேரம் நிற்பது, யாருக்காக யார் நிற்பது என்று காத்திருத்தலைப் பங்கிடுவதே ரயில் நிர்வாகத்தின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். பணம் அதன் பின்னால் வருவது. ஒரு பாதையில் நாளொன்றுக்கு எத்தனை வண்டி விடலாம் என்று இந்திய ரயில்வேயில் கணக்கிடப் பயன்படும் ஸ்காட் சூத்திரத்தில் ரூபாய் என்ற சொல்லே கிடையாது. மிக மெதுவான வண்டி, மிகச் சிக்கலான ஸ்டேஷன் இடைவெளியைக் கடக்கும் நிமிஷங்களோடு, லைன் கிளியர் வாங்கிக் கொடுக்கும் நிமிஷங்களைக் கூட்டி, ஒருநாளின் 1,440 நிமிஷங்களை அத்தொகையால் வகுத்து, வந்ததில் நூற்றுக்கு 70 பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். கடக்க 15 நிமிஷம், லைன் கிளியருக்கு 5 நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், 72 வண்டி வரும்; அதில் 70 சதவீதம் ஏறக்குறைய 50. பாதையின் மற்றப் பகுதிகளில் மணிக்கு 110 கிலோமீட்டர் பறந்தாலும் பயனில்லை. மொத்தப் பாதையின் விதியையும் அந்த ஓர் இடைவெளி நிர்ணயித்துவிடுகிறது.

இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கும்போது, மேலிடத்தில் அமர்த்தப்பட்ட விளையாட்டுகளின் கதி பரிதாபமானது. சிட் மெய்யர், புரூஸ் ஷெல்லியின் துணையோடு 1990-இல் வெளியிட்ட முதல் ரெயில்ரோடு டைகூன்மேல் தண்டவாளத்தை மறந்த குற்றத்தை நான் சுமத்தமாட்டேன்; ஆட்டம் தொடங்குமுன்பே மோதல் இல்லாத எளிய முறை வேண்டுமா, சிக்னலுக்குக் கட்டுப்பட்டு ஓடும் டிஸ்பாட்சர் முறை வேண்டுமா என்று அது கேட்டது. பின்வந்தவர்கள் ஏட்டை வளர்த்தார்கள், தண்டவாளத்தைத் தேயவிட்டார்கள். 2003-இல் வந்த மூன்றாம் பாகத்தின் பொருளாதாரம் உண்மையிலேயே மெச்சத் தக்கது. ஊருக்கு ஊர், சரக்குக்குச் சரக்கு விலை வேறுபடுகிறது. மலிந்த இடத்திலிருந்து அரிய இடத்துக்குச் சரக்கு, ரயில் இல்லாவிட்டாலும், சாலை வழியாகவும் ஆற்று வழியாகவும் தானே மெல்ல நகர்கிறது. இரண்டு ஊர்களின் விலை வித்தியாசமே ரயிலுக்குக் கிடைக்கும் வருமானம். அந்த விதியின்படி நெய்வேலிக் கரியைத் தூரதேசம் அனுப்புகிறவன் நஷ்டப்படுவான் என்பதால், நம் நண்பர்கள் அதனிடம் மயங்கியதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அதே விளையாட்டில் ஒற்றைப் பாதையில் எதிர்ப்படும் வண்டிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மறுபுறம் வெளிப்பட்டுத் தம் வழியே போகின்றன! சிக்னல் இல்லை, வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைன் இல்லை, கிராசிங் இல்லை. 2006-இல் வந்த சிட் மெய்யர்ஸ் ரெயில்ரோட்ஸிலும், ரெயில்வே எம்பயரிலும் இத்தகைய எளிய முறையை விரும்பினால் தேர்ந்துகொள்ளலாம். கோதுமையின் விலை தானியத்துக்குத் தானியம் சரியாயிருக்க, அதை ஏற்றிவரும் வண்டி ஆவியாய் இருப்பதை யதார்த்தம் என்று கொண்டாடுவது எனக்கு விளங்காத தத்துவம்.

ஓபன் டி.டி.டி.யின் நிலை இதற்கு நேர் எதிர். அதன் ஏடு குழந்தைத்தனமானது. காலக்கணக்கோ சிரிப்புக்கிடம்: ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குப் போக வண்டிக்கு மாதக்கணக்கில் ஆகிறது. ஆயினும் தண்டவாளத்தைப் பற்றி அது பொய் சொல்வதில்லை. புதிதாக ஆடுகிறவர் தம் முதல் கரி வண்டிக்கு, நிறைய ஏற்றும் வரை நில் என்று உத்தரவு கொடுக்கிறார். அது சுரங்க ஸ்டேஷனில் நிற்கிறது. இரண்டாவது வண்டி அதன் பின்னால் வந்து நிற்கிறது. முதல் வண்டி நிறைந்து புறப்படும்போது அதன் வழியை இரண்டாவது வண்டியே மறித்துக்கொண்டிருக்கிறது. கஜானாவில் பணம் இருக்கிறது, சுரங்கத்தில் கரி இருக்கிறது, ரயில் மட்டும் அசையவில்லை. அப்போதுதான் அவர் நிர்வாகம் என்ற சாஸ்திரத்தின் முதல் ஏட்டைப் புரட்டுகிறார். பாதையைத் துண்டங்களாகப் பிரிக்கும் பிளாக் சிக்னல், காலியான பிளாட்பாரம் இருந்தால் மட்டுமே உள்ளே விடும் முன்சிக்னல், ஒன்றையொன்று வெட்டாத வழிகளில் ஒரே ஜங்ஷனுக்குள் இரண்டு மூன்று வண்டிகளை ஒருங்கே அனுமதிக்கும் பாத் சிக்னல் என்று படிப்படியாகக் கற்கிறார். ஒரு வண்டி வழியில் பழுதாகி நின்றால் பின்னால் வரிசை எவ்வளவு தூரம் வளரும் என்பதைக் கண்ணால் காண்கிறார். எந்த ஏட்டுப் புலியும் இதை விலைப்பட்டியலிலிருந்து கற்றுக்கொள்ள முடியாது.

முதல் பத்து வருஷம் கழிந்ததும் அந்த விளையாட்டில் பணம் கரைபுரண்டு ஓடுகிறதே, பிறகு என்ன நிர்வாகம் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பணம் தீராத பிரச்சினையாக இருக்கும்வரை, எந்தக் கோளாறுக்கும் முதல் இல்லை என்ற சாக்கு இருக்கிறது. முதல் குவிந்த பிறகும் ஜங்ஷனில் வண்டிகள் தேங்கினால் பழி யார் மேல்? பணமிருந்தும் இடமில்லாமை, பணமிருந்தும் நேரமில்லாமை என்ற நிலைதான் பெரிய ரயில்வேக்களின் நித்திய நிலை. 2022 ஏப்ரல், மே மாதங்களில் அனல் நிலையங்களில் கரி இருப்பு அபாயகரமாகக் குறைந்தபோது, இந்திய ரயில்வே பயணிகள் வண்டிகளின் நூற்றுக்கணக்கான நடைகளை ரத்து செய்து கரி வண்டிகளுக்கு வழிவிட்டதே, அது பங்குச்சந்தையில் தீர்க்கக்கூடிய விவகாரமா? தண்டவாளம் இருக்கிற அளவுதான் இருந்தது. அதில் கரி போவதா, கல்யாணத்துக்குப் போகிறவர் போவதா என்று யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஓபன் டி.டி.டி.யில் மணிக்கணக்காக முட்டிமோதிய ஒரு பள்ளி மாணவனுக்கு அந்த முடிவின் கனம் தெரியும். ஒன்றுக்குள் ஒன்று புகும் வண்டிகளை ஓட்டியவருக்கு, எதற்காக ஒன்றை நிறுத்த வேண்டும் என்பதே தெரிய வழியில்லை.

இவ்வூரின் கன்வேயரைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அதை முழுவதும் விசாரிக்கவில்லை என்றும் நான் முறையிடுகிறேன். தொடராக அமைந்த பெல்ட்டுகளில் முன்னதொன்று நின்றால் அதற்குச் சரக்கு ஊட்டும் பின்னதும் உடனே நின்றாக வேண்டும். இல்லையேல் மண்ணும் கரியும் குவிந்து வழியும். அதற்காகவே ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கிறார்கள். எக்ஸ்கவேட்டர் எவ்வளவு வெட்ட வல்லது என்பதில் பெருமை பேசிப் பயனில்லை. கீழே இருக்கும் பெல்ட் எவ்வளவு ஏந்தும் என்பதே அன்றைய ஷிப்ட்டின் கணக்கு. இதைத் தினமும் கண்டவர்கள் ரயில் விளையாட்டுக்கு வரும்போது மட்டும் விலைப்பட்டியலைப் பிடித்துக்கொள்வது விந்தை.

மற்ற விளையாட்டுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தில் உருவான டிரான்ஸ்போர்ட் ஃபீவர் கண்ணுக்கு விருந்து. எஞ்சின்களின் அழகில் லயித்திருக்க விரும்புவோர் லயித்திருக்கலாம். நம் நாட்டில் பலர் கைப்பேசியில் ஆடும் இந்தியன் டிரெயின் சிமுலேட்டர் வண்டி ஓட்டும் விளையாட்டு. நிர்வாகப் பேச்சில் அதற்கு இடமில்லை. உலகின் மெய்யான வரைபடத்தின் மேலேயே பாதை போடவிடும் நிம்பி ரெயில்ஸில் நெய்வேலிக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே நம் மனம்போல் தண்டவாளம் இடலாம் என்பது ஒரு சந்தோஷம். ஜப்பானில் ஆர்ட்டிங்க் நிறுவனம் 1985-இல் தொடங்கிய ஏ-டிரெயின் வரிசை மட்டும் தனியே கவனிக்கத் தக்கது. அதில் ரயில் கம்பெனி பணக்காரனாவது டிக்கெட்டால் மட்டுமன்று. பாதையோரத்து நிலத்தை வாங்கி, வீடும் கடையும் கட்டுவதால். ஒசாகாவில் 1910-இல் ரயில் விட்ட கோபயாஷி இச்சிஸோ பாதையோரம் மனை விற்று, பயணிகளை இழுக்க நாடகக் குழு அமைத்து, 1929-இல் ரயில் முனையத்திலேயே பெரிய பல்பொருள் அங்காடி வைத்த கதையின் சாயல் அது. வட்டம் வட்டமாகப் பிரித்து, நேர்நேரான சாலைகள் இட்டு, வீடும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் கட்டி ஒரு கம்பெனியே ஊரை உண்டாக்கிய விதத்தை அறிந்த நெய்வேலிக்காரருக்கு ஏ-டிரெயின் அந்நியமாயிராது. இங்கே அந்த வீடுகள் விற்பனைக்கல்ல என்பதுதான் வித்தியாசம். ஏடு வேண்டுமென்று ஏங்குகிறவர்களுக்கு அமெரிக்கச் சீமான்களின் ஏட்டைவிட இதையே நான் சிபாரிசு செய்வேன்.

நியாயமான ஒரே ஆட்சேபம் வேறொரு திசையிலிருந்து வருகிறது. காத்திருத்தலைப் பங்கிடுவதே நிர்வாகம் என்றால், பிரிட்டிஷ் சிக்னல் அறைகளை அப்படியே கணினியில் எழுப்பிய சிம்சிக் போன்றவை அல்லவா முதலிடம் பெற வேண்டும் என்று கேட்கலாம். பங்கிடும் வித்தையில் அவற்றுக்கு நிகரில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே இருக்கிற தண்டவாளத்தில் இருக்கிற வண்டிகளை விடலாமே தவிர, ஒரு லூப் லைனைக் கூடுதலாகப் போட முடியாது. இன்றைய நெருக்கடியைச் சமாளிப்பதும் நாளைய நெருக்கடிக்குப் பாதை போட்டு வைப்பதும் ஒரே கையில் சேரும்போதுதான் நிர்வாகம் பூரணமாகிறது. அந்தச் சேர்க்கை ஓபன் டி.டி.டி.யில் இருக்கிறது. அதற்கும் ஒரு பெருங்குறை உண்டு. விபத்து நிவாரண வண்டிக்கு எல்லாம் ஒதுங்கும், ராஜதானிக்கு மெயில் ஒதுங்கும், மெயிலுக்குப் பாசஞ்சர் ஒதுங்கும் என்று நம் ரயில்வேயில் உள்ள முறைவரிசை அதற்குத் தெரியாது. முன்னால் வந்து வழியைப் பிடித்த வண்டிக்கே வழி. மெயின் லைன் வண்டிக்கு முன்னுரிமை வேண்டுமென்றால், கிளைப்பாதை வண்டி தானே நின்று பார்த்துப் போகும்படி முன்சிக்னல்களை அடுக்கி, அந்த முறைவரிசையை ஆடுகிறவரே கட்டிக்கொள்ள வேண்டும்.

என் பேச்சில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஒரு பரீட்சை சொல்கிறேன். கடலூர் துறைமுகத்திலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகும் நமது ஒற்றைப் பாதையை ஒரு மாதிரியாக எடுத்துக்கொண்டு, ரெயில்ரோடு டைகூன் மூன்றாம் பாகத்திலும் ஓபன் டி.டி.டி.யிலும் அதே வரிசையில் ஸ்டேஷன்களை அமைத்து, இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் பயணி வண்டிகளையும் சரக்கு வண்டிகளையும் விட்டுப் பார்க்கட்டும். முன்னதில் வடலூரில் எந்தச் சரக்கு என்ன விலை விற்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியவரும். பின்னதில், ஆட்டம் சூடு பிடிக்குமுன்பே ஏதோ ஓர் இடத்தில் இரண்டு வண்டிகள் முகத்துக்கு முகம் நின்றுவிடும். அதைத் தீர்க்க லூப் லைன் போட்டால், சரக்கு வண்டி அந்த லூப்பைவிட நீளமாயிருந்து அதன் வால் மெயின் லைனிலேயே கிடந்து மறிக்கும். அந்த லூப்பை வடலூரில் நீட்டுவதா, குறிஞ்சிப்பாடியில் நீட்டுவதா, இல்லை சரக்கு வண்டியின் பெட்டிகளைக் குறைப்பதா என்பதைப் பற்றி அதன்பின் அவர்களோடு தர்க்கம் செய்ய நான் சித்தமாயிருக்கிறேன்.